.22 ரிம்ஃபயர் தோட்டாக்களைத் துல்லியத்துக்காக ஒப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏர் ரைஃபிளில் சில ஆண்டுகள் சுட்டுவிட்டு .22-க்கு மாறுகிறவர்கள், 50 மீட்டர் போட்டிக்குத் தயாராகும் மாணவர்கள், பிள்ளைகளுக்காகத் தோட்டா வாங்க வேண்டிய பெற்றோர் என்று பலரும் சுடுதளத்தில் ஒரே மாதிரியான ஐயங்களையே எழுப்புகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும்படி வரிசைப்படுத்தி, விடை கொடுத்திருக்கிறேன். இங்கே பேசப்படுவது முழுவதும் 50 மீட்டர் இலக்குச் சுடுதலுக்கான .22 லாங் ரைஃபிள் தோட்டாவைப் பற்றியது.

ரிம்ஃபயர் என்றால் என்ன? இந்தத் தோட்டாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சோதனை?

தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்கு அடியில் சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு உள்ளே வெறுமையானது. தயாரிக்கும்போது, தட்டினால் தீப்பற்றும் மருந்தை அந்த விளிம்புக்குள் சுற்றிலும் பரவச் செய்கிறார்கள். விசையை இழுத்ததும் முன்னே பாயும் ஊசியான ஃபயரிங் பின் விளிம்பை நசுக்கும்போது அந்த மருந்து பற்றி, உள்ளே இருக்கும் வெடிமருந்தையும் பற்ற வைக்கிறது. 1887-இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய .22 லாங் ரைஃபிள் இன்றும் இதே முறையில்தான் இயங்குகிறது.

பெரிய துப்பாக்கிகளின் தோட்டாக்களில் எரியூட்டும் பகுதி அடியின் நடுவில் தனியாகப் பொருத்தப்பட்டிருப்பதால், பழகியவர்கள் வெற்றுக் கூட்டை மீண்டும் நிரப்பி, மருந்தின் அளவைத் தங்கள் துப்பாக்கிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்கிறார்கள். ரிம்ஃபயரில் ஒருமுறை நசுங்கிய விளிம்பைச் சீர்செய்து மீண்டும் மருந்து வைப்பது நடைமுறையில் இல்லை. ஆகவே நமக்குத் தொழிற்சாலை கொடுப்பதுதான் தோட்டா. அதை மாற்ற முடியாது, அதில் தேர்ந்தெடுக்க மட்டுமே முடியும் என்பதால்தான் இவ்வளவு சோதனை.

பெட்டியில் ஸ்டாண்டர்டு, சப்சானிக், ஹை வெலாசிட்டி, மேட்ச் என்றெல்லாம் போட்டிருக்கிறதே, இலக்குக்கு எது?

இலக்குச் சுடுதலுக்கு ஸ்டாண்டர்டு வேகத் தோட்டாக்களும், அதே வேகத்தில் கூடுதல் கவனத்தோடு செய்யப்படும் மேட்ச் தோட்டாக்களும் உரியவை. இவற்றில் 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 325 முதல் 330 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் புறப்படும். 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர். குண்டு தொடக்கம் முதலே அதற்குக் கீழே இருக்கிறது.

ஹை வெலாசிட்டி தோட்டாவின் குண்டு ஒலியைவிட வேகமாகக் கிளம்பி, வழியிலேயே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் குண்டைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் திடீரென்று மாறிக் குண்டைத் தள்ளாடச் செய்யக்கூடும். அவை பெரும்பாலும் வேட்டைக்கும், தானியங்கித் துப்பாக்கிகள் தடையின்றி இயங்குவதற்கும் செய்யப்பட்டவை. சப்சானிக் என்று குறிப்பிட்டவற்றில் பல, சத்தத்தைக் குறைப்பதற்காக இன்னும் மெதுவாகச் செல்பவை. அவற்றிலும் நன்றாகக் குவிபவை உண்டு என்றாலும், 50 மீட்டர் போட்டிக்கென்று அவற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், எந்தக் கம்பெனி தோட்டா பெஸ்ட்?

அப்படி ஒரு கம்பெனி இல்லை. உலக அளவிலான போட்டிகளில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் உருவாகும் ஈலி டெனெக்ஸ், ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்50, ஜெர்மனியின் ஷோனெபெக் நகரத் தொழிற்சாலையில் உருவாகும் லாப்புவா எக்ஸ்-ஆக்ட், மிடாஸ் பிளஸ் ஆகியவற்றையே திரும்பத் திரும்பக் காணலாம். பயிற்சிக்கு அதே ஷோனெபெக்கின் எஸ்.கே. வகைகளும், அமெரிக்காவின் சி.சி.ஐ. ஸ்டாண்டர்டு வெலாசிட்டியும் பலருக்குக் கைகொடுக்கின்றன. ஒரு பெட்டி மற்றொன்றைவிட விலை கூடுதலாக இருப்பதற்குக் காரணம், தயாரிப்பில் கவனமும் தொழிற்சாலையிலேயே நடக்கும் சோதனையும் கூடுதலாக இருப்பது. அந்தச் சோதனையில் பயன்பட்டது உங்கள் துப்பாக்கி அல்ல என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும்: என் குழலுக்கு, இப்போது கிடைக்கும் லாட்டுகளில் (ஒரே தொடர்ச்சியில் செய்யப்பட்ட தொகுதிகளில்) எது நன்றாகக் குவிகிறது? இதற்கு விடை காண்பதுதான் தோட்டா ஒப்பீடு. மீதிக் கேள்விகள் எல்லாம் இதைச் சுற்றியவையே.

லாட் நம்பர் என்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா? பெயர் ஒன்றுதானே?

பெயரைவிட லாட் முக்கியம். ஒரே இயந்திரத்தில், ஒரே தொகுதி மருந்தையும் ஈயத்தையும் கொண்டு தொடர்ச்சியாகச் செய்யப்பட்ட தோட்டாக்கள் ஒரு லாட். மருந்துத் தொகுதி மாறினாலோ, குண்டை அழுத்தி உருவாக்கும் அச்சு தேய்ந்து புதிது போட்டாலோ, கூட்டின் வாயைக் குண்டோடு இறுக்கும் அழுத்தம் இம்மியளவு மாறினாலோ அடுத்த லாட்டின் குணம் மாறிவிடும். ஒரு டெனெக்ஸ் லாட் உங்கள் குழலில் அருமையாகக் குவிந்து, அடுத்த டெனெக்ஸ் லாட் அதைவிட மலிவான ஒரு வகையிடம் தோற்பது வியப்புக்குரியதல்ல.

லாட் எண் ஒவ்வொரு பெட்டியின் மேலும் அச்சிடப்பட்டிருக்கும். ஈலியின் உயர்தரப் பெட்டிகளில் அந்த லாட்டின் வேகமும் வினாடிக்கு இத்தனை அடி என்று குறிக்கப்பட்டிருக்கும். பெட்டியைத் தூக்கி எறியுமுன் இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். லாட் எண் இல்லாத சோதனைக் குறிப்பு எதற்கும் பயன்படாது.

என் நண்பனிடமும் இதே மாடல் துப்பாக்கிதான். அவனுக்கு நன்றாக ஓடும் லாட்டை நானும் வாங்கலாமா?

சோதிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம், சோதிக்காமல் மொத்தமாக வாங்கக் கூடாது. ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து வெட்டப்பட்ட இரண்டு குழல்களில்கூட உள்விட்டம், சேம்பரின் (தோட்டா அமரும் அறையின்) நீளம், முனையின் வெட்டு ஆகியவை நுண்ணிய அளவில் வேறுபடும். மென்மையான ஈயக் குண்டு அந்த வேறுபாட்டை இலக்கில் காட்டிவிடும்.

எத்தனை மில்லிமீட்டர் குரூப் வந்தால் நல்ல தோட்டா என்று சொல்லலாம்?

தொடர்ந்து சுட்ட தோட்டாக்களின் துளைகள் சேர்ந்த கூட்டமே குரூப். இலக்கின் அளவிலிருந்து தொடங்குவோம். சர்வதேச விதிப்படி 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. குண்டின் விட்டம் 5.6 மி.மீ. துளையின் ஓரம் வளையக் கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், துளையின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ.-க்குள் இருந்தால் போதும். ஆகவே மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே 16 மி.மீ.-க்கு மேல் போகாத குரூப்பைச் சரியாக நடுவில் வைத்தால், தோட்டாவின் பங்குக்கு எல்லாமே பத்தாக விழ வாய்ப்பு உண்டு. பத்துத் தோட்டா குரூப்புகளின் சராசரி இந்த அளவுக்குள் நிற்கும் லாட் போட்டிக்கு உகந்தது என்பது என் அளவுகோல்.

தசமக் கணக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. 10.0-க்கும் 10.9-க்கும் இடையே ஒவ்வொரு 0.1 புள்ளியும் 0.8 மி.மீ. அகலமே கொண்டது. மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடும் மூன்று நிலைப் போட்டியின் தகுதிச் சுற்றில் முழு எண்களே கணக்கு, இறுதிச் சுற்றில் தசமம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் வென்ற சுற்று இப்படித் தசமத்தில் எண்ணப்பட்டதே. படுத்துச் சுடும் 60 தோட்டாப் போட்டியிலும் தசமம்தான். அங்கே குரூப்பின் நடுப்பகுதி எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்பதும் பார்க்க வேண்டியதாகிறது.

ஒவ்வொரு வகையிலும் ஐந்து தோட்டா சுட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

தெரியாது. அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். குரூப் அளவு என்பது மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளால் மட்டும் முடிவாகும் எண். மீதி மூன்று எங்கே விழுந்தாலும் அதில் மாற்றமில்லை. ஒரே பெட்டியிலிருந்து, ஒரே துப்பாக்கியில், எதையும் மாற்றாமல் ஐந்து ஐந்தாகச் சுட்டுக்கொண்டே போனால், ஒரு குரூப் 9 மி.மீ. என்றும் அடுத்தது 17 மி.மீ. என்றும் வருவது இயல்பே. ஐந்து தோட்டா குரூப்பின் அளவு அதன் சராசரியிலிருந்து ஏறத்தாழ கால் பங்கு அங்குமிங்கும் ஆடும். பத்துத் தோட்டா குரூப்பில் அந்த ஆட்டம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோட்டாக்கள் கூடக்கூட குரூப்பும் பெரிதாகும். அதே லாட்டின் பத்துத் தோட்டா குரூப், சராசரியாக அதன் ஐந்து தோட்டா குரூப்பைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு அகலமாக இருக்கும். ஒருவருடைய ஐந்து தோட்டா அளவையும் மற்றொருவருடைய பத்துத் தோட்டா அளவையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது தவறான முடிவுக்கே கொண்டுபோகும். பையில் பத்திரமாக வைத்து எல்லோருக்கும் காட்டப்படும் அந்த ஒரு சிறந்த குரூப்பையும் சோதனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அப்படியானால் சோதனையை எப்படி நடத்துவது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

மேசையில் அமர்ந்து, முன்பக்கம் உறுதியான ரெஸ்ட்டும் (தாங்கியும்) பின்பக்கம் மணல் பையும் வைத்துச் சுடுங்கள். துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கும் இயந்திரத் தாங்கி கிடைத்தால் இன்னும் நல்லது. காற்று அடங்கியிருக்கும் காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். தொடங்குமுன் ஸ்டாக்கையும் (துப்பாக்கியின் கட்டையையும்) குழலையும் பிணைக்கும் திருகுகள், பார்வைக் கருவியின் திருகுகள் ஆகியவை சரியான இறுக்கத்தில் உள்ளனவா என்று பாருங்கள். தளர்ந்த திருகு ஒன்று இருந்தால் எந்தத் தோட்டாவும் மோசமாகத்தான் தெரியும்.

ஒரு பெட்டியில் 50 தோட்டாக்கள் இருக்கும். அந்த எண்ணிக்கையே சோதனைக்கு வசதியாக அமைகிறது. முதல் பத்தைக் குழல் அந்தத் தோட்டாவுக்குப் பழகுவதற்காகச் சுட்டுவிட்டு (காரணம் அடுத்த விடையில்), மீதி நாற்பதை நான்கு பத்துகளாகச் சுட்டு, ஒவ்வொரு பத்துக்கும் புதிய இலக்கு அட்டை வையுங்கள். துளைகளின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை காலிப்பரால் அளந்து, 5.6 மி.மீ.-ஐக் கழித்தால் மையத்துக்கு மையம் உள்ள தூரம் கிடைக்கும். நான்கின் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்னணு இலக்கு உள்ள தளமாக இருந்தால் ஒவ்வொரு குண்டும் விழுந்த இடமே எண்ணாகக் கிடைக்கும். அப்போது குரூப்பின் மையத்திலிருந்து எல்லாத் துளைகளுக்கும் உள்ள தூரத்தின் சராசரியைக் கணக்கிடலாம். இரண்டு துளைகளை மட்டும் நம்பாமல் நாற்பதையும் கணக்கில் எடுக்கும் இந்த எண் கூடுதல் நம்பகமானது.

சுடும்போது ஒரு குண்டு விலகினால் அது தோட்டாவின் குறையா, உங்கள் விசை இழுப்பின் குறையா என்பதை, இலக்கைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடும் பழக்கம் வேண்டும். பார்த்த பிறகு காரணம் கண்டுபிடித்து ஒரு துளையை நீக்கத் தொடங்கினால், பிடித்த தோட்டா எப்போதும் வெற்றி பெறும். பெட்டிகளை இன்னொருவர் எண் ஒட்டி மறைத்துக் கொடுக்க, எது எந்த வகை என்று தெரியாமலே சுடுவது மிகவும் நேர்மையான முறை.

வேறு பிராண்டுக்கு மாறியதும் முதல் சில குண்டுகள் எங்கெங்கோ போகின்றனவே, ஏன்?

.22 குண்டு வெறும் ஈயம். அதற்குத் தாமிர உறை கிடையாது. ஈயம் குழலில் ஒட்டாமல் இருக்க மெழுகும் கொழுப்பும் கலந்த ஒரு மசகு பூசப்பட்டிருக்கும். அந்தக் கலவை பிராண்டுக்குப் பிராண்டு வேறு: சிலவற்றில் விரலில் ஒட்டும்படி கெட்டியாக இருக்கும், சிலவற்றில் எண்ணெய் போல மெல்லிதாக இருக்கும். ஒவ்வொரு குண்டும் குழலின் உட்சுவரில் மிக மெல்லிய மசகுப் படலத்தை விட்டுச் செல்கிறது. பிராண்டு மாறும்போது பழைய படலம் தேய்ந்து புதியது படியும்வரை உராய்வு சீராக இருக்காது. பல குழல்களுக்குப் பத்து முதல் இருபது தோட்டாக்களுக்குள் நிலை வந்துவிடும். நன்கு துடைத்த குழலிலும் இதே கதைதான்.

ஆகவே ஒரு வகையில் இரண்டு, மற்றொரு வகையில் இரண்டு என்று மாற்றி மாற்றிச் சுடும் சோதனை எதையும் நிரூபிக்காது. ஒரு வகையை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இரு வகைகளுக்கு இடையே குழலைத் துடைப்பதா வேண்டாமா என்பதில் இரு பழக்கங்களும் உண்டு. எதைச் செய்தாலும் எல்லா வகைகளுக்கும் அதையே செய்ய வேண்டும்.

குரூப் அகலத்தில் நன்றாக இருக்கிறது, ஆனால் மேலும் கீழும் நீள்கிறது. தோட்டாவின் குற்றமா?

பெரும்பாலும் வேக வேறுபாட்டின் அடையாளம். ஸ்டாண்டர்டு வேகக் குண்டு 50 மீட்டரைக் கடக்க வினாடியில் ஆறில் ஒரு பங்கு நேரம் எடுக்கிறது. அதற்குள் குழலின் நேர்கோட்டிலிருந்து சுமார் 125 மி.மீ. கீழே இறங்கிவிடுகிறது. வேகம் வினாடிக்கு 10 மீட்டர் குறைந்தால் அந்த இறக்கம் ஏறத்தாழ 8 மி.மீ. கூடும். மேலே சொன்ன பத்தின் எல்லையும் 8 மி.மீ.-தான் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். விளிம்புக்குள் எரியூட்டும் மருந்து ஒரே சீராகப் பரவாவிட்டால் இந்த வேக வேறுபாடு வரும். ஃபயரிங் பின்னின் ஸ்பிரிங் தளர்ந்து அடி மெலிந்தாலும் வரும். எல்லா லாட்டுகளும் மேலும் கீழும் நீண்டால் முதலில் ஸ்பிரிங்கைச் சந்தேகியுங்கள். மேசையில் துப்பாக்கியின் முன்பகுதி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமராததும் இதே தோற்றத்தைத் தரும்.

வேகமானியில் மிகச் சீராக வரும் லாட்தான் இலக்கிலும் வெல்லும் என்று எண்ண வேண்டாம். சுடும்போது குழல் அதிர்கிறது. அதன் முனை மேல்நோக்கி எழுந்துகொண்டிருக்கும் கணத்தில் குண்டுகள் வெளியேறினால், சற்றுத் தாமதமாக வரும் மெதுவான குண்டு சற்று மேல்நோக்கிப் புறப்பட்டு, கூடுதல் இறக்கத்தை ஈடுசெய்துவிடும். வேகமானியின் எண் காரணத்தைத் தேட உதவும். முடிவை இலக்கு அட்டையிடம் விட்டுவிடுங்கள்.

காற்று அடிக்கும் தளத்தில் வேகமான தோட்டா குறைவாகத்தானே விலகும்?

.22-இல் இதற்கு நேர்மாறானதே நடக்கிறது. பக்கக் காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பது, குண்டு வழியில் எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒலியின் வேகத்தை ஒட்டிய பகுதியில் காற்றின் எதிர்ப்பு செங்குத்தாக உயர்வதால், ஹை வெலாசிட்டி குண்டு தன் கூடுதல் வேகத்தை மிக விரைவில் இழந்து, ஸ்டாண்டர்டு குண்டைவிட அதிகமாக விலகுகிறது.

ஸ்டாண்டர்டு குண்டையே வினாடிக்கு ஒரு மீட்டர் வேகமுள்ள பக்கக் காற்று, அதாவது மிக இலேசான காற்று, 50 மீட்டரில் 6 அல்லது 7 மி.மீ. தள்ளிவிடும். எனவே காற்று வீசிய நாளில் எடுத்த குரூப்பைக் கொண்டு தோட்டாவை மதிப்பிடுவது தோட்டாவுக்குச் செய்யும் அநீதி. வேறு நாள் வாய்க்காவிட்டால், தளத்தின் கொடிகள் ஒரே நிலையில் இருக்கும்போது மட்டும் சுடுங்கள். அகலத்தைப் புறந்தள்ளி உயரத்தை மட்டும் ஒப்பிட்டால் ஓரளவு பயன் உண்டு.

ஒவ்வொரு தோட்டாவாக எடை போட்டு, விளிம்பின் தடிமனை அளந்து பிரித்தால் மலிவான தோட்டாவும் மேட்ச் தோட்டா ஆகுமா?

ஆகாது. மலிவான லாட்டில் மிகவும் ஒதுங்கி நிற்கும் சிலவற்றை இப்படி நீக்கலாம். அதனால் எங்கோ ஓடும் குண்டுகள் சற்றுக் குறையலாம். ஆனால் எடையில் பெரும்பகுதி குண்டும் கூடுமே. குணத்தைத் தீர்மானிக்கும் மருந்தின் மிகச் சிறிய வேறுபாடு அந்த எடைக்குள் மறைந்துவிடும். தரமான மேட்ச் தோட்டாவில் இந்த உழைப்பால் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அதைவிடக் கண்ணால் பார்த்துப் பழகுங்கள். தோட்டாவை வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றினால் குண்டின் மூக்கில் உள்ள கீறல், ஒரு பக்கம் மட்டும் உரிந்த மெழுகு, கூட்டின் வாயில் சற்றே சாய்ந்து நிற்கும் குண்டு ஆகியவை தெரியும். கீழே விழுந்த தோட்டாவின் மெழுகில் கடுகைவிடச் சிறிய மணல் துகள்கள் ஒட்டியிருக்கும். அதை அப்படியே சேம்பரில் போட்டால் அந்த மணல் குழலின் உட்சுவரை உரசிக்கொண்டு போகும். விழுந்ததைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

நம் ஊர் வெயிலில் சோதனை முடிவு மாறுமா?

மாறும். வெப்பம் ஏறினால் மருந்து சற்று வேகமாக எரிந்து குண்டின் வேகம் கூடும், மசகும் இளகும். சித்திரை வெயிலில் மேசை மேல் திறந்து கிடந்த பெட்டியும், நிழலில் மூடி வைத்த பெட்டியும் ஒரே லாட் ஆனாலும் ஒரே உயரத்தில் குண்டைப் போடாது. தோட்டாக்களை எப்போதும் நிழலில், மூடிய பெட்டியில் வையுங்கள். தொடர்ந்து சுட்டுச் சூடேறிய சேம்பரில் தோட்டாவைப் போட்டுவிட்டு நீண்ட நேரம் குறி பார்த்துக்கொண்டிருப்பதும் அந்த ஒரு குண்டின் உயரத்தை மாற்றக்கூடும்.

ஒரு நன்மையும் இதில் உண்டு. 35 டிகிரியில் ஒலியின் வேகம் வினாடிக்கு 352 மீட்டராக உயர்வதால், ஸ்டாண்டர்டு குண்டு ஒலியின் வேகத்திலிருந்து இன்னும் விலகியே நிற்கிறது. எனினும், சென்னையின் மே மாதத்தில் தேர்ந்தெடுத்த லாட்டை டெல்லியின் டிசம்பர் குளிரில் நடக்கும் போட்டிக்கு எடுத்துப் போகிறவர், அங்கே பயிற்சி நாளில் பார்வைக் கருவியின் உயரத்தை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

ஏர் ரைஃபிளில் பெல்லட் சோதித்த அனுபவம் இருக்கிறது. அதே முறை போதாதா?

ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டான பெல்லட்டிலும், பல லாட்டுகளைத் தாங்கியில் வைத்துச் சுட்டு ஒப்பிடும் அடிப்படை ஒன்றே. ஆனால் 10 மீட்டர் அரங்கில் காற்று இல்லை, எரியூட்டும் மருந்து இல்லை, மசகுப் படலத்தின் ஆதிக்கமும் இல்லை. அங்கே வேகத்தைத் துப்பாக்கியின் அழுத்தச் சீராக்கி பார்த்துக்கொள்கிறது. இங்கே வேகம் ஒவ்வொரு தோட்டாவுக்குள்ளும் தனித்தனியாக அடைபட்டிருக்கிறது. அதனால்தான் பெல்லட்டில் சில குரூப்புகளிலேயே தெளிவாகும் முடிவு, .22-இல் நாற்பது தோட்டாக்களுக்குப் பிறகும் இழுபறியாக நிற்கிறது.

நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன். விலை உயர்ந்த தோட்டா எனக்குத் தேவையா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் கையின் சிதறலும் தோட்டாவின் சிதறலும் நேரடியாகக் கூடுவதில்லை. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மொத்தச் சிதறல் கிடைக்கும். உங்கள் கைச் சிதறல் 30 மி.மீ., தோட்டாவின் சிதறல் 15 மி.மீ. என்றால் மொத்தம் 33.5 மி.மீ. அதைவிட விலை உயர்ந்த, 12 மி.மீ.-இல் குவியும் தோட்டாவை வாங்கினால் மொத்தம் 32.3 மி.மீ. ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய லாபம். அந்தப் பணத்தில் கூடுதலாக இரண்டு பெட்டி பயிற்சித் தோட்டா வாங்கிச் சுட்டால் கை அதைவிட அதிகம் முன்னேறும்.

கைச் சிதறல் 12 மி.மீ. அளவுக்கு வந்தவருக்கு அதே மாற்றம் 19.2-ஐ 17 ஆக்கும். பத்துக்குள் அடங்கும் குரூப்பின் எல்லை 16 மி.மீ. ஆக இருக்கும்போது இந்த இரண்டு மில்லிமீட்டர் மதிப்பெண்ணில் தெரியும். கற்கும் காலத்திலும் ஒரே வகைப் பயிற்சித் தோட்டாவில் நிலைத்திருப்பது நல்லது. தோட்டா அடிக்கடி மாறினால், விலகிய குண்டு யாருடைய பிழை என்பதைப் பிரித்தறியக் கற்கவே முடியாது.

இரண்டு லாட்டுகள் மிக நெருக்கமாக வந்திருக்கின்றன: ஒன்று சராசரி 15.2, மற்றொன்று 16.4. முதலாவதுதானே சிறந்தது?

இந்த அளவு தோட்டாக்களைக் கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. பத்துத் தோட்டா குரூப் ஐந்தில் ஒரு பங்கு ஆடும் என்று முன்பு பார்த்தோம். 15 மி.மீ.-க்கு அது சுமார் 3 மி.மீ. நான்கு குரூப்புகளின் சராசரியில் ஆட்டம் பாதியாகக் குறைந்து 1.5 மி.மீ. ஆகும். இரண்டு சராசரிகளை ஒப்பிடும்போது அது மீண்டும் 2 மி.மீ. அளவுக்கு உயரும். 1.2 மி.மீ. வேறுபாடு அதற்குள் அடங்கிவிடுகிறது. அடுத்த வாரம் சுட்டால் வரிசை தலைகீழாக மாறலாம்.

இத்தகைய நிலையில் இரண்டையும் மற்றொரு பெட்டி சுட்டுப் பார்ப்பது முதல் வழி. முடியாவிட்டால் இரண்டையும் சமமாகக் கொண்டு, எது போதுமான அளவு கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். எட்டுப் பத்து லாட்டுகளைச் சோதித்து முதலிடம் வந்ததைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: முதலிடம் வந்ததில் அதன் தரத்தோடு அன்றைய அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். அதை மட்டும் தனியாக மீண்டும் சோதித்தால் எண் சற்றுப் பெரிதாகவே வரும். அந்த இரண்டாவது எண்தான் உண்மைக்கு அருகில் இருப்பது.

பெரிய வீரர்கள் துப்பாக்கியைத் தொழிற்சாலைக்கே எடுத்துப் போய்ச் சோதிக்கிறார்களாமே?

ஆம். ஈலி, லாப்புவா போன்ற தயாரிப்பாளர்கள் தங்கள் சோதனைக் கூடங்களில் வீரரின் துப்பாக்கியைத் தாங்கியில் பூட்டி, கையிருப்பில் உள்ள பல லாட்டுகளை வரிசையாகச் சுட்டு, அளவுகளை அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். வீரர் தேர்ந்தெடுத்த லாட்டை அங்கேயே ஒதுக்கி வாங்கிக்கொள்ளலாம். காற்றில்லாத மூடிய பாதையில், சுடுபவரின் கைப்பிழை இல்லாமல், ஒரே நாளில் பல லாட்டுகளைப் பார்க்க முடிவதே அங்குள்ள வசதி. மற்றபடி அங்கே நடப்பதும் மேலே விவரித்த ஒப்பீடுதான்.

இந்தியாவில் .22 துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் ஆயுதச் சட்டம், 1959-இன் கீழ் உரிமம் வேண்டும். எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதும் அந்த உரிமத்தையும் விதிகளையும் பொறுத்தது. உரிமம் இல்லாதவர்கள் கிளப் வழியாக, கிளப்பின் துப்பாக்கியில் அங்கேயே சுடுகிறார்கள். எனவே இங்கே நடைமுறைக்கு உகந்த வழி, கிளப்புக்குத் தோட்டா வந்து இறங்கியதும் எந்தெந்த லாட்டுகள் உள்ளன என்று பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி சோதித்து, தீர்வதற்குள் தேவையான அளவை ஒதுக்கச் சொல்வது.

மேசையில் அருமையாகக் குவிந்த லாட், படுத்துச் சுடும்போது அப்படி வரவில்லையே?

மேசையில் துப்பாக்கி பையின் மேல் கிடக்கிறது. படுத்த நிலையில் துப்பாக்கியைக் கையோடு பிணைக்கும் வாரான ஸ்லிங்கின் இழுப்பும் தோளின் அழுத்தமும் கன்னத்தின் எடையும் சேர்ந்து ஸ்டாக்கை வேறு விதமாகப் பிடிக்கின்றன. அதிர்வும் சற்று மாறும், குண்டு விழும் இடமும் மாறும். விழும் இடம் மாறுவது குறையல்ல, பார்வைக் கருவியைத் திருப்பினால் சரியாகிவிடும். குரூப்பே விரிந்தால், முதலில் ஸ்லிங்கின் இழுப்பு ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மேசையில் முதல் இரண்டு இடங்களில் வந்த லாட்டுகளைப் படுத்த நிலையில் ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி சுட்டு ஒப்பிடுங்கள். மேசை முடிவு, தேர்வுக்கான பட்டியலைச் சுருக்கத்தான். கடைசித் தேர்வு நீங்கள் போட்டியில் சுடும் நிலையில் நடக்க வேண்டும்.

சோதனையின் நடுவில் ஒரு தோட்டா வெடிக்கவில்லை. அடுத்ததைப் போட்டுத் தொடரலாமா?

உடனே போல்ட்டை (தோட்டா அறையை மூடியிருக்கும் தாழை) திறக்கக் கூடாது. மருந்து தாமதமாகப் பற்றக்கூடும். குழலை இலக்கின் திசையிலேயே வைத்து, குறைந்தது 30 வினாடிகள் காத்திருந்து, தள அதிகாரிக்குக் கை உயர்த்தித் தெரிவித்த பிறகே திறக்க வேண்டும். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டு இலக்கில் துளையும் இல்லை என்றால், குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். குழல் காலியாக இருப்பதைப் பார்த்து உறுதிசெய்யாமல் அடுத்த தோட்டாவைப் போடவே கூடாது. வெடிக்காத தோட்டாவில் ஃபயரிங் பின் பதிந்த தடம் ஆழமாக இருந்தால் தோட்டாவின் குறை, மெலிதாக இருந்தால் முன்பு சொன்ன ஸ்பிரிங்கின் குறை என்று கொள்ளலாம். சோதனை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே எதையும் சாப்பிடுங்கள். விரலில் ஒட்டியிருக்கும் மசகோடு ஈயமும் இருக்கும்.

நன்றாக ஓடிய லாட் பருவத்தின் நடுவில் தீர்ந்துவிட்டது. அதே பெயரில் புதிய லாட் வாங்கினால் எதுவரை நம்பலாம்?

சோதிக்கும்வரை புதிய தோட்டாவாகவே கருதுங்கள். பெட்டியில் வேகம் குறிக்கப்பட்டிருந்தால், பழைய லாட்டின் வேகத்துக்கு நெருங்கியவற்றை முதலில் எடுத்துச் சோதிப்பது தேடலைச் சற்றுக் குறைக்கும். அதற்குமேல் அந்த எண்ணுக்கு உறுதி எதுவும் இல்லை. பழைய லாட்டில் ஒரு பெட்டியைத் தனியாக எடுத்து வைத்திருப்பது நல்ல பழக்கம். புதியதைச் சோதிக்கும் அதே நாளில், அதே மேசையில், பழையதிலும் இருபது தோட்டா சுட்டுப் பார்த்தால், குரூப் விரிந்ததற்குக் காரணம் புதிய லாட்டா, தேய்ந்துவரும் குழலா, சேம்பரின் முன்னே படிந்த கரியா என்பது பிரிந்து தெரியும். பழையதும் விரிந்தால் குழலைச் சுத்தம் செய்துவிட்டுச் சோதனையை மீண்டும் தொடங்குங்கள். புதியது மட்டும் விரிந்தால் அந்த லாட்டைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு அடுத்த லாட்டில் ஒரு பெட்டி கேளுங்கள்.